‘ஹாய்’க்குப் பிறகு வந்த பதில்

குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஒரு ஜப்பான்காரர் குத்தகைக்குப் பயிர் செய்தார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. வரிசை நடவு சொல்லிக்கொடுக்க மாதிரிப் பண்ணைக்கு வந்தவர். பண்ணையை மூடியதும் கூட வந்தவர்கள் கப்பல் ஏறினார்கள். இவர், கைக்குழந்தையோடு தனித்து நின்ற இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். அந்த மனைவியும் போய், அவள் மகளும் பிரசவத்தில் போய், கடைசியில் அவருக்கு மிஞ்சியது இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி மட்டும்.

யார் என்ன சொன்னாலும் தலை குனிந்து ‘ஹாய்’ என்பார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொல்லைப் பக்கம் போக ‘ஆய்’ என்றுதான் கூப்பிடும், அதனால் அவர் வாய் திறந்தாலே சிரிக்கும். பெரியவர்கள் நாங்கள் அதை ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டோம்.

வினை அங்கேதான். கூலி உயர்வுக்காக எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம் கொடி பிடித்திருந்த காலம். வெளியூர் ஆள் இறக்குவதா கூடாதா என்று வரப்புக்கு வரப்பு தகராறு. அவரிடம் களையை உருட்டியே எடுக்கும் இரும்புக் கருவி ஒன்று இருந்தது. அதைத் தன் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று பண்ணையார் காரில் வந்து கேட்டாராம். இவர் ‘ஹாய்’ என்றாராம். களையெடுப்பை நம்பித்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். சங்கத் தலைவர் என் மாமனார், நேரில் போய், “பண்ணையார் உங்களக் கேட்டது உண்மையா?” என்றார். அதற்கும் ‘ஹாய்’.

மாமனார் திரும்பி வந்து, “ரெண்டு பக்கமும் தலையாட்டுற ஆளு. இனி அவரு வயல்ல ஒருத்தரும் கால் வைக்கப்படாது” என்றார். டீக்கடையில் அதற்குக் கை கால் முளைத்தது. அந்தப் பெண் அவர் பேத்தியே இல்லை என்றார்கள். ஆட்சிக்கு வந்தவர்களின் சூரியன்தான் அவர் ஊர்க் கொடியிலும் இருக்கிறது, இவர் மேலிடத்து ஆள் என்றார் ஒருவர். நானும் தலையாட்டினேன்.

குறுவை நாற்று இருபத்தைந்து நாள் தாண்டினால் வயதாகிவிடும். அவருடையது அந்தக் கணக்கைத் தாண்டிக்கொண்டிருந்தது. வயல் தரிசாகக் கிடந்தால் குத்தகை கைவிட்டுப் போகும், பேத்தியோடு அவர் எங்கே போவார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் ஒற்றை ஆளாய்ச் சிவப்புத் துணி முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு நாற்றாய் நட ஆரம்பித்தார். அவரைக் கண்காணிக்க மாமனார் என்னை அனுப்பினார்.

உச்சி வேளையில் கால் கழுவிக்கொண்டு ஒரு தூக்குவாளியோடு சைக்கிளில் கிளம்பினார். வேலை கிடக்கும்போது இவ்வளவு அவசரமாக எங்கே என்று சந்தேகம். பண்ணையார் வீட்டுக்குத்தான் சேதி போகிறது என்று பின்னாலேயே போனேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கெண்டை மீனில் முள் எடுத்து எடுத்துப் பேத்தி தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஈரக் கையைத் துண்டில் துடைத்து, அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிட்டார். அப்போதும் வாளியின் அடியில் ஏதாவது சீட்டு இருக்குமோ என்றுதான் எட்டிப் பார்த்தேன். சோறுதான் இருந்தது.

சாயங்காலம் எனக்கே பொறுக்கவில்லை. வரப்பில் நின்று, அவரை மடக்குகிறேன் என்று கேட்டேன். “பெரியவரே, இந்த நெலத்த எங்க சங்கத்துக்கே விட்டுக் குடுத்துடுறீங்களா?”

“ஹாய்” என்றார். குனிந்து நட்டுக்கொண்டே போனார். ஏழெட்டு நாற்று ஆனபின் நிமிர்ந்தார்.

“மாட்டேன்.”

“இப்பத்தான ஹாய்னீங்க?” என்றேன். வரப்பில் உட்கார்ந்திருந்த பேத்திதான் சொன்னாள்: “தாத்தா ஹாய்னா, காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம் மாமா. அப்புறமாத்தான் பதில் சொல்லும். அதுவரைக்கும் யாரு நிக்கிறீங்க?”

பண்ணையாருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஹாய். இந்தமுறை ஒரு வரிசை முழுக்கக் காத்திருந்தேன். “மாட்டேன்னு சொன்னேன். பொம்பளைங்க வேல போயிடும். அவுரு அதுக்குள்ள கார் ஏறிட்டாரு.”

மாமனாரிடம் சொன்னேன். “அது நீ கேட்டப்பறம் யோசிச்சுச் சொன்ன பதிலா இருந்தா?” என்றார். ராத்திரி என் மனைவியிடமும் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலை, என் மனைவியோடு ஆறு பெண்கள் வயலில் இறங்கினார்கள். மாமனார் கூடவே வந்து வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அடுத்த போகத்துக்கு வெளியூர் ஆள் கொண்டாருவீங்களா?”

“ஹாய்.”

மாமனாரின் முகம் கறுத்தது. என் மனைவி நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி, “செத்த இருங்கப்பா” என்றாள். ஆறு பெண்களும் குனிந்த முதுகோடு அப்படியே நின்றார்கள். அவர் கயிற்றை அடுத்த வரிசைக்கு நகர்த்தினார், முளையை அடித்தார், முடிச்சுகளைச் சரிபார்த்தார்.

“மாட்டேன்” என்றார்.

பெண்கள் நட ஆரம்பித்தார்கள்.