கோல் கம்பத்தில் கட்டிய ஆடு

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினாலே மஹ்ஜூபாவுக்கு எரிச்சல் தொடங்கிவிடும். காசாபிளாங்கா முழுக்கச் செம்மறி வாடை அடிக்கும். அவளிடம் பந்து விளையாடக் கற்கும் பிள்ளைகளெல்லாம் தள்ளுவண்டியோடு கிளம்பி, ஆடு வாங்கியவர்களின் மாடிவரை ஆட்டைச் சுமந்து காசு பார்க்கப் போய்விடுவார்கள். பயிற்சிக்கு ஒரு ஈ காக்காய் வராது.

பகலில் பொதுக் குளியல் விடுதியில் பெண்களுக்கு முதுகு தேய்த்துவிடுவது அவள் பிழைப்பு. சாயங்காலம் கழுத்தில் விசில் ஏறிவிடும். படிப்பை விட்டவன், போலீஸ் பிடித்து விட்டவன் என்று யாரையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை. வாய்க்கு வந்தபடி திட்டுவாள், பிறகு அணியில் சேர்த்துக்கொள்வாள்.

இந்த வருஷம் மைதானத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தார்கள். அங்கே ஆட்டுச் சந்தை போடப் போகிறார்களாம். ஒருமுறை கைவிட்டுப் போனால் அவ்வளவுதான். பக்கத்துத் தெரு மைதானம் அப்படிப் போய்த்தான் இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. மஹ்ஜூபா வட்டார அதிகாரி புஅஸ்ஸாவிடம் நடையாய் நடந்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு வந்து பார்க்கறேன். பிள்ளைங்க விளையாடிட்டு இருந்தா சந்தையை வேற இடத்துக்கு மாத்திடறேன்" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை அவள் சந்து சந்தாகப் புகுந்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்ததில் பாதி அணி தேறியது. கோல்கீப்பர் ஸக்கரியாவை மட்டும் காணோம். அதிகாரி வந்து இறங்கிய நேரம் பார்த்து அவனும் வந்தான், ஓர் ஆட்டோடு. கோல் கம்பத்தில் அதைக் கட்டினான். ஆடு வலையை மெல்லத் தொடங்கியது. மற்றவர்கள் பந்தைப் போட்டுவிட்டு ஆட்டைச் சுற்றிக்கொண்டார்கள்.

புஅஸ்ஸா சிரித்தார். "சந்தை ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு போலிருக்கே! நாளைக்கு மத்த ஆட்டுக்காரங்களையும் வரச் சொல்லிடறேன்."

"ஐயா, ஒரு நிமிஷம் நில்லுங்க!"

அவர் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டிவிட்டது.

"ஏன்டா, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" மஹ்ஜூபா ஸக்கரியாவைப் பிடித்துக்கொண்டாள். "இதைக் கட்ட வேற இடமே கிடைக்கலையா?"

"மாடியில விட்டா கத்துது, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வர்றான், கோச்சம்மா."

"அப்போ உங்கப்பன் தலையில கட்டு! அவர் ஆடுதானே?"

"இல்ல." அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

முன்வரிசையில் விளையாடும் இப்திசாம்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "அது உங்க ஆடு, கோச்சம்மா. போன பெருநாளுக்கு ஆடு வாங்க முடியாம கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தீங்கல்ல? அதான் எல்லாரும் வண்டி தள்ளி வாங்கினோம்."

மஹ்ஜூபா ஆட்டைப் பார்த்தாள். பாதி வலை அதன் வாயில் இருந்தது. அழுகை வந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது.

"அறிவு கெட்டதுங்களா! நான் ஆடா கேட்டேன்? ஒழுங்கா ஒரு மணி நேரம் பந்து உதைக்கத்தானே சொன்னேன்!"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தாள்.

"பந்தை எடுங்க. புஅஸ்ஸா வீட்டு வாசல்லயே விளையாடிக் காட்டுவோம். அவர் வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தரும் நிறுத்தக் கூடாது."

"ஆடு, கோச்சம்மா?" என்றான் ஸக்கரியா.

"அதுவும் வரும். உன்னை நம்பி அதை எங்கடா விட்டுட்டு வர்றது?"