ஸ்ட்ரெச்சர் திரும்ப வேண்டிய வீடு

பதினோரு அடி அகலம், நாற்பத்து நான்கு அடி நீளம். அளவைச் சொன்னாலே கேட்பவர்கள் சிரித்தார்கள். "வீடு கட்டப்போறியா, ரயில் பெட்டி நிறுத்தப்போறியா?" என்று அக்காவே கேட்டாள். இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். செங்கல் இறக்கி வைக்கக்கூட இடம் கிடையாது. அதனால்தான் தொழிற்சாலையில் செய்த வீடு என்று முடிவாயிற்று. சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் அங்கேயே அளவுக்கு அறுத்து, லாரியில் கொண்டுவந்து, நாலே நாளில் பூட்டி நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு அங்குலம்கூட மாற்ற முடியாது.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வரிசை அடுத்தவருக்குப் போய்விடும்; மறுபடி முறை வர எட்டு மாதம் ஆகும். குடியிருந்த மாடி வீட்டையோ மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

அவன் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை வந்த படத்தை வியாழக்கிழமை வரை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து, நடுமடிப்பு கிழிந்தே போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய்க் கதவை அளந்தான். பல் தேய்க்கும்போது தோளுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை விரற்கடை என்று பார்த்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். ஆஸ்பத்திரியில் அவனுக்கு அளவுக்காரன் என்றே பெயர்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளப் போனவன். பத்தொன்பது வருடமாக அதே வேலை. ஆனால் அந்த வேலையை அவனைப்போல் செய்ய ஆள் கிடையாது. எந்த லிஃப்ட் நிற்கும்போது உதறும், எந்தத் திருப்பத்தில் சக்கரம் இழுக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். மல்லாந்து கிடப்பவருக்குக் கூரைதானே தெரியும்? அதனால் ஒவ்வொரு இடத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுவான். "இப்போ ஒரு சின்ன மேடு வரும். இப்போ இடது பக்கம் திரும்பறோம். அவ்வளவுதான், முடிஞ்சுது." ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் டாக்டர் பெயரை மறந்தாலும் இந்தக் குரலை மறக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவன்தான் போன வருடம் தன் சொந்த அப்பாவை இடித்துவிட்டான். ஒரு காலையில் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ்காரர்களின் ஸ்ட்ரெச்சர் அந்த மாடி வீட்டுப் படியில் திரும்பவில்லை. போர்வையில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முனையும் அவன் ஒரு முனையுமாகத் தூக்கி இறக்கினார்கள். இரண்டாவது வளைவில் அப்பாவின் தலை கைப்பிடிக் கம்பியில் 'ணங்' என்று மோதியது. அப்பா பிழைத்து வந்துவிட்டார். அந்தச் சத்தம் மட்டும் அவனைவிட்டுப் போகவில்லை.

இப்போது படத்தைப் பார்த்தால் அதே கதை. இருபுறமும் மும்மூன்று அங்குல இடைவெளி, அப்புறம் ஐந்தைந்து அங்குலச் சுவர். ஆக உள்ளே மிஞ்சியது ஒன்பதடி எட்டங்குலம். முன்னால் முழு அகலத்துக்கும் ஒரு ஹால். அதற்குப் பின்னால் இடது சுவரை ஒட்டி, இரண்டே முக்கால் அடி அகலத்தில் நீளமான ஒரு நடை. நடையின் வலது பக்கம் வரிசையாக மாடிப்படி, குளியலறை, அப்பாவின் அறை. கடைசியில் சமையலறை. நடையிலிருந்து அப்பாவின் அறைக்குள் போக வேண்டுமானால் ஸ்ட்ரெச்சர் சட்டென்று வலது பக்கம் ஒடிய வேண்டும்.

"திரும்பாது," என்றான்.

"வீடு கட்டறோமா, ஆஸ்பத்திரி கட்டறோமா?" என்றாள் மனைவி. துணிக்கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தாள். "குடி போறதுக்கு முன்னாடியே எப்படி வெளியே தூக்கறதுன்னு யோசிக்கிற ஆளை உலகத்துலேயே இப்பத்தான் பாக்கறேன்."

"நடையை அகலமாக்கினா?"

"உங்கப்பா அறை குறுகிடும். கட்டிலை நிமிர்த்தித்தான் போடணும். கையெழுத்தைப் போடுங்க. நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி."

மறுநாள் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் திடலுக்கு எல்லோரையும் வரச் சொன்னான். சொல்லி அனுப்பிய தோரணையில் என்னவோ ஏதோவென்று மனைவி பாதி வேலையில் ஓடிவந்தாள். அக்கா அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். வந்து பார்த்தால் தரையெல்லாம் சாக்பீஸ் கோடு. குளுக்கோஸ் பாட்டில் வந்த காலி அட்டைப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தான். நடை, வாசல், அறை எல்லாமே அசல் அளவு. அவனோடு இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மறுமுனை பிடித்துவரும் கூட்டாளி, சக்கரமில்லாத பழைய ஸ்ட்ரெச்சர் ஒன்றோடு நின்றிருந்தான்.

"அண்ணி, நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கற ஆளா இவன்?" என்று கூட்டாளி கையை விரித்தான்.

"யாராவது ஒருத்தர் படுக்கணும்," என்றான் அவன்.

மனைவி அக்காவைப் பார்த்தாள், அக்கா ஆகாயத்தைப் பார்த்தாள்.

"போகப்போறவன் நான்தானே. நானே ஒத்திகை பாத்துக்கறேன்," என்று அப்பா செருப்பைக் கழற்றினார்.

"மாமா! உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"வராதும்மா. வந்தா இவன் அதையும் அளப்பான்."

அப்பா படுத்தார். மனைவி ஒரு பக்கத்து அட்டைச் சுவரையும் அக்கா மறுபக்கத்தையும் சாயாமல் பிடித்துக்கொண்டார்கள். அவனும் கூட்டாளியும் தூக்கினார்கள். "ஹாலைத் தாண்டறோம்ப்பா. இப்போ நடைக்குள்ள போறோம்," என்று அவன் குரல் தானாகவே சொல்லத் தொடங்கியது. "இப்போ வலது பக்கம் ஒரு திருப்பம்."

திருப்பம் வந்தது. ஸ்ட்ரெச்சர் வரவில்லை. முன்முனை வாசலுக்குள் ஒரு முழம் போனதும் பின்முனை சுவரில் முட்டி நின்றது. பின்வாங்கி மறுபடி நுழைத்தார்கள். ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்கள். சாய்ந்ததும் அப்பாவின் கை பதறிப்போய் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அவர் முழங்கை பட்டு, மனைவி பிடித்திருந்த பெட்டி ஒன்று பொதுக்கென்று உள்ளே அமுங்கியது.

"இறக்குடா, இறக்கு," என்றாள் அக்கா.

தரையில் இறக்கிய பிறகும் அப்பா எழவில்லை. மூச்சைச் சரிசெய்துகொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "இன்னிக்கு ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு வந்தே. அன்னிக்கு நீ ஒண்ணுமே சொல்லலடா."

அவன் அமுங்கிய பெட்டியை எடுத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தப் பார்த்தான். அது நிமிரவில்லை.

மனைவிதான் பேசினாள். ஒரு வாரமாகக் கேலி செய்தவள் அவள். ஆனால் அந்த முழங்கை வந்து இடித்தது அவள் உள்ளங்கையில்தான். "முன்னாடி ஹாலுக்குள்ள மட்டும் நேராப் போகுதில்ல?"

"போகும். வாசல் மூணரை அடி."

"அப்போ மாமா ஹால்ல இருக்கட்டும். நாம உக்கார்ற இடத்தை அந்தப் பின்னறைக்குக் கொண்டுபோயிடலாம்."

"அது ஆறடி எட்டங்குல அகலம்தான். நீ பெரிய சோபா போடணும்னு..."

"சின்னதாப் போட்டுக்கறேன். வர்றவங்க முட்டியோடு முட்டி இடிச்சுக்கிட்டு உக்காரட்டும். சீக்கிரம் எழுந்து போயிடுவாங்க, அதுவும் நல்லதுதான்."

"ஆனா எல்லாரும் அப்பா கட்டிலைத் தாண்டித்தானே உள்ள வரணும்? தெருச் சத்தம் வேற. நிம்மதியா இருக்கட்டும்னுதான் அவருக்குப் பின்னாடி போட்டேன்."

அப்பா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "நிம்மதின்னு உன்கிட்ட யாரு கேட்டா? சமையலறைக்கு முன்னாடி ஒரு பொந்து. அதுல போட்டு வெச்சா நான் எதைப் பாக்கறது, குழாயையா? நாலு பேர் தாண்டிப் போனா நாலு வார்த்தை பேசிட்டுப் போவான்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா?"

"நீ எதை அளந்தாலும் அளந்தே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை பதினொன்றேகாலுக்குத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தார்கள். இந்த முறை அப்பாவும் வந்திருந்தார். படம் போடும் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "சார், இப்போ போய் மாத்தணும்னு மட்டும் சொல்லிடாதீங்க." அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் திரையைப் பார்த்து யோசித்துவிட்டு, "அட, சுவர் ஒண்ணுகூட நகரலையே! அறையோட பேர்தானே மாறுது?" என்றாள். இரண்டு நிமிடத்தில் பெயர்களை மாற்றிப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தாள். ஒரு வாரப் பதைப்பு இரண்டு நிமிட வேலையாக முடிந்ததை அவனால் நம்ப முடியவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவன் பேனாவைத் திறக்கும்போது அப்பா தொண்டையைக் கனைத்தார். "அந்த முன் ஜன்னல் எத்தனை உயரத்துலம்மா ஆரம்பிக்குது?"

"மூணு அடி, ஐயா."

"படுத்துக்கிட்டே பாத்தா தெரு தெரியுமா?"

மனைவி நெற்றியில் கை வைத்தாள். "வம்சமே இப்படித்தான்."

மணி பதினொன்று நாற்பது. காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சு கட்டில் உயரம்தான் இருந்தது. அப்பா அதில் நீட்டிப் படுத்தார். தலைக்கு மனைவியின் கைப்பை. அவன் மண்டியிட்டுத் தரையிலிருந்து அப்பாவின் கண்வரை டேப்பைப் பிடித்தான். இரண்டடி மூன்றங்குலம். மூன்றடியில் ஜன்னல் ஆரம்பித்தால் ஆகாயம்தான் தெரியும்.

படம் போடும் பெண் பெருமூச்சு விட்டபடி பட்டியலைத் தேடினாள். "கடைகளுக்குப் போடற முன்சுவர் ஒண்ணு இருக்கு. அதே அகலம். ஜன்னல் ஒண்ணே முக்கால் அடியிலேயே ஆரம்பிக்கும். அதைப் போட்டுடவா? இனிமே ஒண்ணும் கேட்கக் கூடாது."

"போடும்மா," என்றார் அப்பா, படுத்தபடியே.

ஒன்பது தாள். ஒவ்வொன்றிலும் முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டுவதுபோல் நிதானமாக எழுதினான். கடைசித் தாளில் புள்ளி வைக்கும்போது மணி பதினொன்று ஐம்பத்தாறு. அந்தப் பெண் தாள்களை வாங்கிக் கோப்புக்குள் வைத்துவிட்டு, முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மேடம்," என்றான் அவன். "சுவரெல்லாம் ஏத்தி வர்ற லாரி எத்தனை அடி நீளம்? எங்க தெரு முனையில ஒரு திருப்பம் இருக்கு."