மஞ்சள் சீட்டு விழுந்த கமலா கேக்

கமலாப் பழத்தைத் தோலோடு, முழுசாக, இரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும் என்று செய்முறையில் போட்டிருந்தது. சுகிர்தா அதை மூன்றாவது தடவையும் படித்தாள். தம்பி பென்னியின் மனைவி நந்தினி பெர்த்திலிருந்து விமானம் ஏறுவதற்கு முன்பே வாட்ஸப்பில் அனுப்பியது. இங்கிலீஷில் இருந்ததால், தான்தான் எதையோ விட்டுவிட்டுப் படிக்கிறோமோ என்று அவளுக்குச் சந்தேகம். பழம் வெந்ததும் தோலும் சதையுமாக அரைக்க வேண்டுமாம். ஆறு முட்டை, பாதாம் பொடி, சர்க்கரை, கொஞ்சம் பேக்கிங் பவுடர். மாவு எங்கே என்று தேடினாள். மாவே கிடையாது.

கணவன் ஜோசப் குக்கர் மூடியைத் தூக்கிப் பார்த்தான். கொதிக்கிற தண்ணீரில் நாலு கமலாப் பழம் உருண்டுகொண்டிருந்தன.

"இன்னா சுகி, பழத்துக்குக் காய்ச்சலா? ஆவி புடிக்கிறியா?"

"மூடிய வையிங்க. அனிலாவுக்குக் கேக்கு."

"மாவு இல்லாம கேக்கா? அப்புறம் அது எது மேல நிக்கும்?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. ஆனால் புரியாததை விடப் பயம் பெரியதாக இருந்தது.

பென்னியின் மகள் அனிலாவுக்குக் கோதுமை ஆகாது. கோதுமை, மைதா, ரவை எதுவானாலும் ஒரு சிட்டிகை போதும், குடல் புண்ணாகிவிடும். சீலியாக் என்று டாக்டர்கள் அதற்குப் பெயர் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு குழந்தை இந்த வீட்டுக்கு வந்தபோது சுகிர்தா சப்பாத்தி செய்யவில்லை, பூரி செய்யவில்லை, பிஸ்கட்டைக்கூட எடுத்து ஒளித்து வைத்தாள். சாதமும் சாம்பாரும்தான் கொடுத்தாள். அன்று சாயங்காலமே குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. மூன்று நாள் வாந்தி. கடைசியில் நந்தினிதான் பெருங்காய டப்பாவைத் திருப்பி, பொடிப் பொடியான எழுத்தைப் படித்துக் காட்டினாள். பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருந்தது.

யாரும் சுகிர்தாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நந்தினி இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் கைப்பையில் குழந்தைக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தாள். அவ்வளவுதான். அத்தை வீட்டில் குழந்தை தண்ணீர்கூட சொந்த பாட்டிலில் குடித்தது.

இந்த முறை நந்தினியே கேட்டாள். "ஞாயித்துக்கெழம அவளுக்கு எட்டு முடியுது அண்ணி. உங்க கையால கேக் பண்றீங்களா?"

கேட்டுவிட்டாளே என்று சுகிர்தாவுக்குச் சந்தோஷம். ஏன் கேட்டாள் என்று குழப்பம். பென்னி சொல்லிக் கேட்டாளோ? நிஜமாகவே நம்பிக் கேட்டாளோ?

கேக் சுகிர்தாவுக்குப் புதிதல்ல. சர்ச் பெண்கள் சங்கத்தில் எட்டு வருஷத்துக்கு முன்பு மூன்று நாள் வகுப்பு நடந்தது. அங்கே கற்றுக்கொண்டு ஒரு சின்ன ஓவனும் வாங்கினாள். கம்பெனியில் யார் வீட்டில் பிறந்தநாள் என்றாலும் முந்தின நாள் இவள் வீட்டு ஓவன் எரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் கதவு விளிம்பில் மழைத்தண்ணீர் புகாமல் பிடிக்கிற ரப்பர் வார் செய்யும் கம்பெனி அது. இருபது வருஷமாக அங்கே சோதனை மேசையில் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு இவள் கம்பெனி பஸ் ஏறினாள், தம்பி காலேஜ் ஏறினான்.

சோதனை மேசையில் மூன்று நிறச் சீட்டு உண்டு. நல்ல பெட்டிக்குப் பச்சை, கழிவுக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள். மஞ்சள் சீட்டு விழுந்த பெட்டி லாரி ஏறாது. மறுபடி பார்த்துத் தீரும்வரை தனியாக நிற்கும். சூப்பர்வைசர் சரவணகுமாருக்கு மஞ்சளைக் கண்டாலே பேஜாரு. "அக்கா, ஒண்ணு நல்லதுன்னு சொல்லு, இல்ல கெட்டதுன்னு சொல்லு. நடுவுல நின்னுகினு லாரிய நிறுத்தாதக்கா," என்பான். அவளுக்கு 'மஞ்சக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வேலை தொடங்கினாள். சனிக்கிழமை வேகவைத்த பழங்களில் மூன்றை அறுத்து, விதை எடுத்து, புது மிக்ஸி ஜாரில் அரைத்தாள். ஆரஞ்சு நிறத்தில் கூழ் வந்தது. நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு கசப்பு, அப்புறம் எதுவென்று சொல்ல முடியாத ஒன்று. சரியாக வந்திருக்கிறதா, கெட்டுவிட்டதா? ஒப்பிட்டுப் பார்க்க அவள் ஆயுளில் இப்படி ஒன்றைத் தின்றதில்லை. பாதாமைக் கடையில் பொடியாக வாங்காமல் வீட்டிலேயே பொடித்தாள். கடை மெஷினில் அதற்கு முன்பு என்ன ஓடியதோ! கேக் டின்னை மூன்று முறை தேய்த்தாள்.

கலவை தண்ணியாக இருந்தது. இது எப்படி எழும்பும் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சரவணகுமார். நாளைய ஷிப்டில் ஆள் மாற்றம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு டின்னுக்கு வெண்ணெய் தடவினாள், ஊற்றினாள், ஓவனில் வைத்தாள், கதவைச் சாத்தினாள். ஐம்பது நிமிஷம்.

மூன்றரை மணிக்கு வெளியே எடுத்தபோது வீடே கமலாத் தோல் வாசனையாக இருந்தது. மேலே பொன்னிறம். மாவில்லாமல் எழும்பி நிற்கிறதே! டின்னைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒட்டாமல், உடையாமல், மழமழவென்று விழுந்தது.

ஏன் ஒட்டவில்லை?

சங்கத்து வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இது: வெண்ணெய் தடவு, அதன்மேல் மைதா தூவு, டின்னைச் சுற்றிச் சுற்றித் தட்டு, மிச்சத்தைக் கொட்டு. எட்டு வருஷமாக ஒவ்வொரு டின்னுக்கும் அவள் கை இதைச் செய்திருக்கிறது. இன்றைக்கு?

நினைத்துப் பார்த்தாள். வெண்ணெய் தடவியது நினைவிருக்கிறது. சரவணகுமார் "ஏ ஷிப்டா பி ஷிப்டா" என்று கேட்டது நினைவிருக்கிறது. ஊற்றியது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை.

மைதா டப்பா ஓவனுக்கு மேல் தட்டில் இருந்தது. பரணில் போடவேண்டும் என்று நினைத்திருந்தாள், போடவில்லை. மூடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முந்தின நாள் கம்பெனியில் கூட வேலை செய்யும் கல்பனாவின் மகனுக்குக் கேக் செய்தபோது சாய்த்து வைத்தாளா, இன்றைக்கா? நைட்டியில், கையைத் துடைக்கிற இடுப்புப் பக்கம், வெள்ளையாக ஒரு தீற்றல். மேலே தூவ எடுத்து வைத்த பொடிச் சர்க்கரையாகவும் இருக்கலாம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். காலையிலிருந்து எல்லாவற்றையும் ருசி பார்த்த நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏங்க, நான் டின்னுல மாவு தூவுனத பாத்தீங்களா?"

ஜோசப் டிவியிலிருந்து கண்ணை எடுத்தான். "தட்டுனியே, டப்பு டப்புன்னு. கேட்டுதே."

"ஊத்துறதுக்கு முன்னாடி தட்டுனனா, ஊத்துனப்புறம் தட்டுனனா?"

"சத்தத்துல அதெல்லாம் எழுதியா இருக்கும்?"

ஊற்றிய பிறகும் அவள் தட்டுவாள், காற்றுக் குமிழி போவதற்காக. ஆக அந்தச் சாட்சியும் உதவாது.

"தூவியிருக்க மாட்ட சுகி. ரெண்டு நாளா மாவு மாவுன்னே பொலம்பிகினு இருக்க, உனுக்குத் தெரியாமயா உன் கை போவும்?"

"என் கை போவும்," என்றாள் அவள்.

யூனிபார்ம் சட்டைப் பையில் மஞ்சள் சீட்டு இரண்டு கிடந்தது. ஒன்றை எடுத்து, ஒரு குண்டூசியால் கேக்கின் நெற்றியில் குத்தினாள். ஜோசப் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

வெந்த பழம் ஒன்று மிச்சம். முட்டை இரண்டு. பாதாம் ஒரு கை. பாத்திரம்? இட்லித் தட்டை எடுத்தவள், போன செவ்வாய்க்கிழமை அதில் ரவை இட்லி ஊற்றியது நினைவுக்கு வந்து அப்படியே திருப்பி வைத்தாள். இது நினைவிருக்கிறது, அது நினைவில்லை. என்ன மூளையோ!

பீரோவைத் திறந்தாள். சரவணகுமாரின் தங்கை கல்யாணத்துத் தாம்பூலப் பையில் வந்த நாலு எவர்சில்வர் கிண்ணம், கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல் இருந்தன. கழுவினாள், வெண்ணெய் தடவினாள். தடவும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டாள்: "வெண்ணெய். வெண்ணெய் மட்டும். ஒண்ணும் தூவல." மைதா டப்பாவை ஜோசப் பக்கத்து வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். பழம் வேகவைத்த குக்கரிலேயே தண்ணீர் ஊற்றி, வெயிட் போடாமல், கிண்ணங்களை வைத்து ஆவியில் வேகவிட்டாள்.

வந்தார்கள். அனிலா பாவாடை சட்டையில் வந்து மேசையைப் பார்த்தாள். பெரிய கேக், அதன்மேல் மஞ்சள் சீட்டு. பக்கத்தில் நாலு சின்னக் கிண்ணம். நந்தினி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நந்தினி, ஒண்ணு சொல்லணும். பெரிய கேக்க கொழந்தைக்குக் குடுக்காத."

"ஏன் அண்ணி?"

"டின்னுல மைதா தூவினேனா இல்லியான்னு எனக்கு நெனப்பு வரல."

பென்னி எழுந்து வந்தான். "விடுக்கா. நீ தூவியிருக்க மாட்ட."

"நீ பாத்தியா?"

"இல்ல."

"நானும் பாக்கல. என் கைய நானே பாக்கல." சின்னக் கிண்ணங்களை முன்னால் தள்ளினாள். "இந்தக் கிண்ணம் வேற. இதுல நான் பாத்துகினே செஞ்சேன். ஆனா நீ வேணாம்னா வேணாம், எனக்கு வருத்தமில்ல."

நந்தினி ஒரு கிண்ணத்தை எடுத்து முகர்ந்தாள். பிறகு, கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் ஆடிட்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கிண்ணம்?"

"புதுசு."

"பாதாம்?"

"வீட்டுல பொடிச்சது. ஜாரும் புதுசு."

"பேக்கிங் பவுடர்?"

"நீ குடுத்து அனுப்புனதுதான்."

"கரண்டி?"

சுகிர்தா கழுவப் போட்டிருந்ததை எட்டிப் பார்த்தாள். "சோத்துக் கரண்டி. வேற எதுலயும் போடாதது."

நந்தினி குனிந்து கைப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். டப்பா உள்ளேயே இருந்தது. "அனி, மெழுகுவத்திய ஊது."

"இது என்னோடதா அத்தை? முழுசா?" என்று கேட்டுவிட்டு அனிலா கிண்ணத்தில் குத்தியிருந்த ஒற்றை மெழுகுவத்தியை ஊதினாள். ஸ்பூனை விட்டுவிட்டு விரலாலேயே தின்றாள். முதல் வாய்க்கு முகம் சுளித்தது, இரண்டாவதற்கு நின்று யோசித்தது, மூன்றாவதற்கு அடுத்த கிண்ணத்தைப் பார்த்தது. சுகிர்தா அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்து மணி தேநீர் இடைவேளையில் போனை எடுத்தபோது நந்தினியின் செய்தி இருந்தது. "நல்லா தூங்கினா அண்ணி. காலையில நாஷ்டாவுக்கு, எடுத்துட்டு வந்த மிச்சக் கிண்ணம்தான் வேணும்னு ஒரே அழுகை. குடுத்துட்டேன்." சுகிர்தா அதை நாலு முறை படித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள்.

மஞ்சள் சீட்டுக் கேக்கை ஜோசப் காலையிலேயே வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கு, கூட வேலை செய்யும் ஃபிட்டர்களுக்கென்று எடுத்துப் போயிருந்தான். மத்தியானம் அவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அதுல மைதா ருசி தெரிஞ்சுதான்னு யாரையாவது கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டேன். அரசப்பன் இருக்குதுன்றான், விமல் இல்லவே இல்லன்றான். ரெண்டு பேரும் சண்டை போட்டுகினே கேக்க காலி பண்ணிட்டானுங்க."

சாட்சி கரைந்துவிட்டது. சுகிர்தா அடுத்த ரப்பர் வாரை எடுத்தாள், விளிம்பைத் தடவிப் பார்த்தாள், பெட்டியில் வைத்தாள். வைத்த பிறகுதான் பார்த்தாள். அவளுடைய வலது கை, தானாகவே, இடுப்புப் பக்கம் போய்த் துடைத்துக்கொண்டிருந்தது.

பெட்டியிலிருந்து அந்த வாரைத் திரும்ப எடுத்து, இன்னொரு முறை பார்த்தாள்.