பல் தடம் அழியாமல் திறந்த காற்றுவழி

காசிம் பாய் கடையில் புகைக்கிற பைப்பு ரிப்பேருக்கு வந்தால், புகையிலை அடைக்கிற மரக்கிண்ணத்தை அவர் பார்ப்பார். வாயில் வைக்கிற கறுப்புத் தண்டை ஸ்டெம் என்போம். அது முழுக்க என் கை. காற்று வராத ஸ்டெம் செகந்திராபாத்தில் எங்கே சுற்றினாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும்.

ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி முளைத்த சமயம். எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் செல்போன் கடை. போலாரத்திலிருந்து ஒரு அம்மாள் கணவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார். கணவர் ரிட்டயர்ட் மேஜர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. புகைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. வெறும் பைப்பை வாயில் வைத்துக் காற்றை இழுத்தால்தான் மனுஷர் அமைதியாக இருப்பாராம்.

"கோணின வாயில நேர் ஸ்டெம் நிக்கலைங்க. நானே கேஸ் அடுப்புல காட்டி வளைச்சேன். இப்ப காத்தே வரலை. இழுத்துப் பாத்துட்டுத் தூக்கி எறியறார். நேத்திலேருந்து சாப்பாடும் வேணாங்கறார்."

உள்ளே கம்பி விடாமல் வளைத்திருக்கிறார். வளைவில் துளை நசுங்கி ஒட்டிக் கிடந்தது. டிரில் விட்டால் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

"நக்கோ ராஜம்மா, வேணாம், இதோட மாரடிக்காதே. புது ஸ்டெம் போட்டு அனுப்பு" என்றார் பாய்.

"போட்டுப் பாத்தாச்சு பாய். நாக்கால தடவிப் பாத்துட்டுத் துப்பிட்டார். அவர் பல்லு பட்ட பள்ளம் இதுலதான இருக்கு" என்றார் அந்த அம்மாள்.

பார்த்தேன். வாய் நுனியில் மேலும் கீழும் பள்ளம், பல வருஷக் கடி. மற்றவர்கள் அதைப் போக்கத்தான் நம்மிடம் வருவார்கள். சுடுமணலில் புதைத்தால் பள்ளம் தானாக எழும்பிவிடும், ஸ்டெம் செய்கிற எபனைட்டுக்கு, கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பருக்கு, அந்தக் குணம். பள்ளம் எழும்பினால் வளைவும் நிமிராதா என்று தோன்றியது. நான் அதுவரை செய்து பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சூட்டில் மேஜரின் பல் தடமும் போய்விடுமே.

நுனியில் ஈரத்துணியைச் சுற்றி வெளியே விட்டு, மிச்சத்தை மணலில் வைத்தேன். துணி காயக் காயத் தண்ணீர் சொட்டவிட்டேன். கந்தக வாடை வந்தது. கொஞ்ச நேரத்தில் நுனி மெல்ல அசைந்தது. படுத்திருந்த ஆள் எழுந்து உட்காருகிற மாதிரி தானாகவே நிமிர்ந்தது. யாரும் தொடவில்லை. பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். துளைக்குள் ஊசி முனை அளவு வெளிச்சம். சூடு ஆறுமுன் எண்ணெய் தடவிய கம்பியை உள்ளே விட்டு, மேஜரின் கோணின வாய்க்குத் தக்கபடி வளைத்துத் தண்ணீரில் நனைத்தேன். துணியை அவிழ்த்தேன். பள்ளம் அப்படியே இருந்தது.

கிண்ணத்தில் மாட்டி ஆட்டோவுக்கு நானே கொண்டுபோனேன். மேஜர் நாக்கால் தடவினார். துப்பவில்லை. கிண்ணத்தின் வாயில் விரலை லேசாக வைத்துப் பிடித்தேன். அவர் இழுத்தார். என் விரல் தோலைக் கிண்ணம் உள்ளே இழுத்தது. ஒரு பக்கம் அசையாத உடம்புக்குள் அவ்வளவு மூச்சு இருந்தது.

"வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கலாமா?" என்று அந்த அம்மாள் கேட்டார். மேஜர் வாயிலிருந்து பைப்பை எடுக்காமலே தலையாட்டினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அடைப்பு எங்கே என்று பார்க்குமுன், எதைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் எத்தனையோ ஸ்டெம் பார்த்தவள். அன்றைக்கு ஆட்டோ போன பிறகும் விரலைப் பார்த்துக்கொண்டு சந்திலேயே நின்றேன்.