அளவுக் கிணற்றின் மூடி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. இருட்டில்கூட இல்லை; பட்டப்பகலில், 3.40 மணிக்கும் 4.05 மணிக்கும் இடையில். நேரத்தை நினைவிலிருந்து சொல்லவில்லை. கருவி வரைந்த தாள் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது.

எங்கள் ஏரிக்கு அக்கரை தெரியாது. அதன் நீர்மட்டத்தை அளப்பது என் வேலை. அலையடிக்கும் தண்ணீரை நேராக அளக்க முடியாது. அதற்காகக் கரையில் ஒரு கிணறு. மண்ணுக்கடியில் ஓடும் குழாய் அதை ஏரியோடு சேர்க்கும். ஏரி ஏறினால் கிணறும் ஏறும், இறங்கினால் இறங்கும். கிணற்றின் மேல்தான் என் அறை. தரையில் ஓர் இரும்பு மூடி. உள்ளே ஒரு மிதவை. அதிலிருந்து வரும் கம்பி, மேசையில் உள்ள பேனாவை அசைக்கும். தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் பேனா தாளில் ஒரு கோடு ஏறும்.

அந்த வருடம் ஏரி பதினான்கு அடி வற்றியிருந்தது. வெடித்த சேறும் செத்த மீனுமாகக் கரை நாறியது. ஏரி என்னை முறைத்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். போதாததற்குக் குழாயில் சேறு அடைத்துக்கொண்டது. ஏரி இறங்கிக்கொண்டே போக, கிணற்றுத் தண்ணீர் மட்டும் அசையாமல் நின்றது. ஒன்பது நாட்களாக என் பேனா பொய் எழுதியது.

தூர்வார வந்தவன் என் மனைவியின் தம்பி. எங்கள் இருவருக்கும் ஆகாது. அவன் வாய் ஓயாது. எனக்கு ஒரு வார்த்தையே பாரம்.

"இடுப்புல கயிறு கட்டிக்கோ."

"கயிறா? நான் என்ன வாளியா மாமா? மாரளவுதான் தண்ணி."

"ஏதாவது ஆச்சுன்னா உங்க அக்கா என்னைத்தான் கேப்பா."

"கேட்டா பதில் சொல்லிடாதீங்க. நீங்க பேசறதைக் கேட்டு அவ மயங்கி விழுந்துடுவா."

3.40. இறங்கினான். இரும்பு ஏணி ஒவ்வொரு படிக்கும் டங்... டங்... என்றது. பேனா நாலு கோடு ஏறி நின்றது. ஓர் ஆள் மார்பளவு தண்ணீரில் நின்றால் அந்தக் கிணறு அவ்வளவு உயரும். குழாய் அடைத்திருந்ததால் வடிய வழியில்லை. அவன் வெளியே வந்தால்தான் பேனா இறங்கும்.

கீழே கம்பியால் குழாயைக் குத்தும் சத்தம். கூடவே ஒரு பாட்டு.

3.49. பாட்டு நின்றது. குத்தும் சத்தமும் நின்றது.

3.51. மேலே வந்தான்.

ஏணி சத்தம் போடவில்லை...

"முடிஞ்சுதா?"

தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவன் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. குனிந்தான். மூடியை இழுத்து மூடினான். அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்தான்.

எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வெறுப்பை நான் எந்த முகத்திலும் கண்டதில்லை.

பார்வையைத் திருப்பினேன். பேனா கண்ணில் பட்டது.

நாலு கோடு. இறங்கவே இல்லை.

ஆள் என் எதிரில். அவன் உயர்த்திய தண்ணீர் இன்னும் கிணற்றில்...

3.54. பேனா மெல்ல நகர்ந்தது. மேலே. ஐந்தாவது கோடு.

மார்பளவில் நின்றவன் தலைவரை மூழ்கினால்தான் அந்தக் கோடு.

மூடிக்கு அடியில்... டங்.

ஒரே ஒரு தடவை.

"எந்திரி."

அது சிரித்தது.

பாய்ந்தேன். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இரும்பு மூடி மட்டும். பனிக்கட்டி போல.

திறந்தேன்.

இறங்கினேன்.

இருட்டுத் தண்ணீரில் துழாவினேன்.

முடி.

4.05. அவன் அறைத் தரையில் கிடந்து சேற்றுத் தண்ணீரைக் கக்கினான். முழங்கால்வரை சேற்றில் புதைந்திருந்தவனைத் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்திருந்தேன். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அவன் பேசவில்லை. நாலாம் நாள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டான்.

"ஏன் மாமா மூடியைப் போட்டீங்க?"

"நான் போடலைடா."

"கால் மாட்டிக்கிச்சு. கூப்பிட அண்ணாந்து பார்த்தேன். நீங்கதான் குனிஞ்சு பார்த்தீங்க. சிரிச்சீங்க. மூடிட்டீங்க."

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. தாளை விரித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கோடுகளைப் பார்த்தார்கள்.

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

"எனக்கும் ஒண்ணு புரியலை மாமா. மூடியைப் போடும்போது, உங்க தலையிலேர்ந்து தண்ணி என் மூஞ்சில சொட்டுச்சு. நீங்க அப்பவே தொப்பலா நனைஞ்சிருந்தீங்க."