பிறந்த அன்றே போட்ட ஊசி

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். தங்கை குடியிருக்கும் தோ பாயோவுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். வழியெங்கும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்திருந்தன. சாலையில் ஒரு காகிதம் இல்லை.

"முதல் தடவையாக்கா?" என்றார் டாக்சிக்காரர். "தேக்கா பக்கம், நம்ம ஆளுங்க கடைத்தெருவுக்குப் போயிட்டீங்கன்னா ஊரு ஞாபகமே வராதுலா."

தங்கை ஸ்டெல்லாவின் தலைப்பிரசவத்துக்காகத் தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தேன். ஒன்பதாம் மாடி வீடு. மதியம் சாப்பிடும்போது அவள் தனக்கு மட்டும் வேறு தட்டு, வேறு தம்ளர் எடுத்தாள்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணாங்கக்கா. காமாலைக் கிருமி இருக்காம், ஹெபடைடிஸ் பி. பிள்ளைக்கும் வந்துருமோன்னு பயமா இருக்கு."

அம்மாவை நினைத்துக்கொண்டேன். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி இறந்தாள். கீழாநெல்லி கொடுத்தோம், செய்வினை என்றவர்களையும் நம்பினோம்.

மறுவாரம் அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. சில மணி நேரத்துக்குள் தாதி சாந்தி, சிங்கப்பூரிலேயே பிறந்த தமிழ்ப்பெண், குழந்தையின் இரு தொடைகளிலும் ஊசி போட்டார். "அம்மாகிட்டேருந்து கிருமி பிள்ளைக்கு வராம இருக்க இப்பவே போட்டாதான் பாதுகாப்பு. அடுத்த ஊசிக்கும் கண்டிப்பா வரணும்."

தனித் தட்டைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டார். "சேர்ந்து சாப்பிட்டா ஒட்டாதுலா. ரத்தம் வழியா, பிரசவத்துல, புருஷன் பொண்டாட்டி உறவுலதான் பரவும், அவங்க வீட்டுக்காரரையும் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க." அன்று மாலை ஸ்டெல்லாவும் அவள் கணவர் அந்தோணியும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். குற்றவாளியைப் பார்ப்பதுபோல அவளை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஊரில் நான் மிகவும் மதித்தது அதைத்தான்.

எங்கள் ஊர்க் கம்பவுண்டர் ஒரே ஊசியை வெந்நீரில் முக்கி வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் போடுவதை சாந்தியிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அம்மாவுக்கு இருந்திருக்கலாம், தங்கச்சிக்கும் இருக்கு. நீங்க டெஸ்ட் பண்ணீங்களாக்கா?"

பண்ணிக்கொண்டேன். முடிவு தெரிந்த நாளில் அந்தோணி என்னைத் தேக்காவுக்கு அழைத்துப் போனார். மல்லிகைச் சரங்களும் மீன் கூடைகளுமாகக் கடைகள் நிறைந்திருந்தன. சிராங்கூன் சாலை முடிதிருத்தகத்தில் ஒவ்வொருவருக்கும் புது பிளேடு மாற்றுவதை வெளியே நின்று வெகுநேரம் பார்த்தேன்.

எனக்கும் அந்தக் கிருமி இருந்தது. என் மூன்று பிள்ளைகளும் அந்த ஊசி இல்லாமல் வீட்டில் பிறந்தவர்கள்.

மெட்ராஸில் இறங்கியதும் நான் ஊருக்கு ரயில் ஏறவில்லை. தபால் நிலையத்துக்குப் போய்க் கணவருக்குத் தந்தி கொடுத்தேன்: "பிள்ளைகளோடு உடனே மெட்ராஸ் வாருங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்க வேண்டும்."