வைக்கோல் கட்டுக்கு ஒரு கயிறு

மாட்டை விற்ற பிறகு சோணையம்மாளின் கொட்டத்தில் மிஞ்சியது எட்டு வைக்கோல் கட்டும் ஒரு கயிறும்தான். வாங்கிய குச்சனூர்க்காரர் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டித்தான் மாட்டை ஓட்டிப் போனார். விற்கிறவர்கள் மாட்டைக் கொடுப்பார்களே தவிர, கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறு வீட்டில் இருந்தால் இன்னொரு மாடு வந்து சேரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. சோணையம்மாள் அதைச் சுருட்டிக் கொட்டத்துத் தூணில் மாட்டி வைத்தாள்.

விற்கும்படி ஆனது அவள் முதுகுவலியால்தான். ஆபரேஷன் செய்த தேனி டாக்டர், குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது என்று அடுக்கினார். அப்புறம் எப்படிப் பால் கறப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஊரில் கேட்டவர்களிடம், "ஒரு வருசம் போகட்டும்னுதான் குடுத்தேன். தை பிறக்கவும் ஒரு கிடேரி பிடிக்கணும்" என்றாள் சோணையம்மாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் வீட்டுக்காரர் சங்கிலி மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வைக்கோலை, வாங்க வரும் கேரளா லாரிக்கு ஏற்றிவிடலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப வர்ற மாடு என்னத்தத் திங்கும்?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜோதிகா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். வைக்கோல் கட்டையே பாத்தியாக நிறுத்தி, அதன் தலையில் தக்காளி வைக்கிறார்கள். மண்ணைக் கொத்த வேண்டாம், குனியவும் வேண்டாம். "மாடு திங்கிற வைக்கல அழுகவிட்டுச் செடி வைக்கிறாகளாம். கொழுப்பப் பாரு" என்றாள் சோணையம்மாள். திட்டிக்கொண்டே திரும்பத் திரும்பப் பார்த்தாள். சும்மா உட்கார்ந்து பழகாத கை, வேலைக்கு ஏங்கிக் கிடந்தது.

"நாலு கட்டுதான். மிச்சம் நாலும் மாட்டுக்கு" என்று கறாராகச் சொல்லிவிட்டுத் திட்டம் போட உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி அவள் கை காட்ட, சங்கிலி கொல்லைக் கல்தளத்தில் கரித்துண்டால் வட்டம் போட்டார். காலை வெயில் விழும் இடம் தக்காளிக்கு. முருங்கை நிழல் கொத்தமல்லிக்கு. கத்தரிக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. நாலும் தீர்ந்த பிறகுதான் அவரைக்கொடி ஞாபகம் வந்தது. அவரை இல்லாமல் என்ன தோட்டம்? அஞ்சாவது வட்டம் விழுந்தது. மறுநாள் பாகலுக்காக ஆறாவதும் விழுந்தது. மாட்டின் பங்கு குறைந்துகொண்டே வந்ததைச் சங்கிலி கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளும் அளவுக்கு அவர் விவரமில்லாதவர் அல்ல.

ஆறு கட்டையும் நிமிர்த்தி வைத்து, யூரியா தூவி, தினமும் தண்ணீர் விட்டார்கள். வைக்கோல் உள்ளுக்குள் வெந்தது. சோணையம்மாள் காலையில் எழுந்ததும் அதற்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பாள். சூடு அடங்கிய பிறகுதான் நாற்று வைக்க வேண்டும். ஒருநாள் கை சுடவில்லை. தக்காளி நாற்றும் தொழுவுரமும் தயாராக இருந்தன. குழி பறிக்கச் சங்கிலி கையை வைத்ததும், ஈரத்தில் இற்றுப்போயிருந்த சணல் அறுந்து கட்டு பிரியத் தொடங்கியது. அவர் இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா, ஏதாச்சும் கயிறு எடு."

வீட்டில் வேறு கயிறு இல்லை. அது இருவருக்கும் தெரியும். அவர் தூண் பக்கம் பார்க்காமல், "நீ வந்து பிடிச்சுக்கிறியா? கடையில போயி வாங்கியாரேன்" என்றார்.

"இம்புட்டுப் பாரத்த நான் பிடிக்கவா?" என்றாள் சோணையம்மாள். பிறகு கொட்டத்துக்குப் போய்த் தூணிலிருந்து கயிற்றை எடுத்தாள். மாட்டின் கழுத்து உரசிய இடத்தில் அது வழுவழுப்பாக இருந்தது. கொண்டுவந்து கொடுத்தாள்.

சங்கிலி கயிற்றைக் கட்டைச் சுற்றிப் போட்டு, மாட்டுக்குப் போட்டுப் பழகிய அதே முடிச்சைப் போட்டார். ஒரு பக்கம் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும் முடிச்சு.

"அது அவுக்கிற முடிச்சு" என்றாள் சோணையம்மாள். "இறுக்கிப் போடுங்க. இனிமே அவுக்க வேண்டியதில்ல."

அவர் இறுக்கிப் போட்டார். அவள் நாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கொட்டத்தில் மிச்சமிருந்த இரண்டு கட்டையும் வெயிலுக்கு உருட்டிவரச் சொன்னாள்.